உன் கையாலேயே எழுதிய பிராது

அன்புள்ள மகனுக்கு என்று ஆரம்பித்து இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். அன்பு இல்லாமல் இல்லை. ஆனால் இத்தனை கோபத்தை மனசில் வைத்துக்கொண்டு அப்படி எழுதினால் பொய் எழுதுவது போல இருக்கிறது. போனில் பேசியிருக்கலாம்தான். நான் குரலை உயர்த்தினால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லி வைத்துவிடுவாய். அந்தச் சரிம்மாவைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. கடிதத்துக்குச் சரிம்மா சொல்ல முடியாது. அதனால் எழுதுகிறேன். வேறு யார் கையில் கிடைத்துப் படித்தாலும் படிக்கட்டும், எனக்கு வெட்கமில்லை. என்னைப் போல இன்னும் எத்தனை அம்மாக்கள் இருக்கிறார்களோ, அவர்களுக்கும் உறைக்கட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் மகளுக்கு மொட்டை போட முனியப்பன் கோயிலுக்குப் போனோம். சொந்தக்காரர்கள் இருபது பேர், ஒரு வேன், பின்னால் உன் கார். எல்லோரும் இறங்கினோம், நீ இறங்கவில்லை. குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார்ந்து அலறுகிறாள், பெற்ற அப்பன் புளியமரத்தடியில் காருக்குள் ஏசி போட்டு உட்கார்ந்திருக்கிறான். நான் வந்து கண்ணாடியைத் தட்டினேன். "டேய், எறங்குடா, எல்லாரும் பாக்குறாங்க" என்றேன். "நீ போம்மா, எனக்குத் தல வலிக்குது" என்றாய். ஏசி காற்றிலும் உன் சட்டைக் காலர் நனைந்திருந்தது. நின்ற காரில் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தாய். இரண்டையும் பார்த்தேன். பார்த்துவிட்டு என்ன செய்தேன்? "பட்டணத்துத் தண்ணி குடிச்சதும் சாமி கசக்குதா உனக்கு?" என்று அத்தனை பேர் காதிலும் விழும்படி கத்தினேன். உன் அத்தை உடனே சாமி குத்தம், பரிகாரம் என்று ஆரம்பித்துவிட்டாள். நீ கண்ணாடியை ஏற்றிக்கொண்டாய்.

வீட்டுக்குத் திரும்பி வந்து, குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் உன் பெண்டாட்டி கவிதா வாயைத் திறந்தாள். நான் பொரிந்து தள்ளிக்கொண்டே இருந்தேன். அவள் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, "அத்தை, போதும் நிறுத்துங்க. அவருக்குத் தலவலியும் இல்ல, திமிரும் இல்ல" என்றாள். ஒன்றரை வருஷமாக நீ மனநல டாக்டரிடம் போகிறாயாம். ஆபீஸ் போகிற ரயிலில் திடீரென்று நெஞ்சு அடைத்து, மூச்சு முட்டி, சாகப் போகிறோம் என்று நடு ஸ்டேஷனில் இறங்கி உட்கார்ந்துவிடுவாயாம். மாத்திரை சாப்பிடுகிறாயாம். அந்த மாத்திரையைச் சத்து மாத்திரை டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாயாம், நான் வந்தால் பார்த்துவிடுவேன் என்று. கட்டிக்கொண்டு வந்தவளையும் பொய் சொல்ல வைத்திருக்கிறாய். இதையெல்லாம்கூட நான் தாங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு அவள் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. "டாக்டர்கிட்ட அவரு மொதல்ல என்னா சொன்னாரு தெரியுமா அத்தை? எங்கம்மா என் மேல சாமிகிட்ட கேஸ் போட்டிருக்காங்க, அது இன்னும் முடியலன்னு சொன்னாரு."

நீ கேஸ் என்றது எதை என்று எனக்குத் தெரியும், பிராதைத்தான். கவிதாவுக்குப் பிராது என்றால் என்னவென்று தெரியாது, நான்தான் விளக்கிச் சொன்னேன். நமக்கு ஒருத்தன் அநியாயம் செய்தால் போலீஸுக்குப் போகிற மாதிரி அந்த முனியப்பனிடம் போவோம். மனுதாரர் இன்னார், எதிராளி இன்னார், குற்றம் இது என்று தாளில் எழுதி, மடித்து, நூல் சுற்றி, சாமி முன்னால் நட்டிருக்கிற வேலில் கட்டுவோம். எந்த ஊரிலிருந்து வருகிறோம், எத்தனை கிலோமீட்டர் என்றுகூடக் கேட்டுக் குறித்துக்கொள்வார்கள், சாமி விசாரணைக்குப் போய்வர வேண்டும் இல்லையா. காரியம் நடந்ததும் திரும்பி வந்து ராஜினாமா எழுதி வைக்க வேண்டும். அதாவது, என் பிராது தீர்ந்தது, எதிராளியை விட்டுவிடு என்று. ராஜினாமா வைக்காதவரை எதிராளி மேல் வழக்கு நிற்கும் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. ஆடு திருடினவன் மேல் கட்டுவார்கள், வரப்பைத் தள்ளிப் போட்டவன் மேல் கட்டுவார்கள். நான் என் பிள்ளை மேல் கட்டினேன்.

பன்னிரண்டு வருஷம் ஆகிறது. பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் பரீட்சை அன்று நீ யூனிபார்ம் மாட்டிக்கொண்டு, திருநீறு வைத்துக்கொண்டு, ஹால் டிக்கெட்டோடு கிளம்பினாய். பதினோரு மணிக்கு நான் தார்ப்பாய் எடுக்க உப்பளத்துக் கொட்டகைக்குள் போனால், குவித்து வைத்த உப்பு அம்பாரத்துக்குப் பின்னால் நீ உட்கார்ந்திருக்கிறாய். தொட்டால் ஈரம், அப்படி வேர்த்திருந்தது. "மூச்சு வரலம்மா, செத்துடுவேன் போல இருக்குதும்மா" என்றாய். உப்பு வாரிய கையாலேயே அறைந்தேன். "ஊர்ல எவனுக்கும் இல்லாத பயம் உனக்கு எங்கேர்ந்துடா வந்துச்சு? சாமி மேல நம்பிக்க இருக்கறவனுக்குப் பயம் வருமா?" என்று கேட்டேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று உன் அப்பாவிடம் சிரித்துக்கொண்டு சொன்னேன். பரீட்சை போய்விட்டதே என்ற ஆத்திரம் எனக்கு. இந்த வெயிலிலும் உப்பிலும் நாங்கள் வெந்து சாவது எதற்காக என்ற ஆத்திரம். காரணம் சொல்லி ஒதுங்குவதற்காக இதை எழுதவில்லை. நடந்தது இதுதான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை உன்னை இழுத்துக்கொண்டு முனியப்பனிடம் போனேன். எட்டாவது வரை படித்தவள் நான், வாரப் பத்திரிகையை ஒரு வரி விடாமல் படிப்பவள், எனக்கு எழுதத் தெரியும். ஆனால் அந்த வருஷம் என் விரல் நுனியெல்லாம் உப்பு அரித்துப் பிளந்து கிடந்தது, பேனாவைப் பிடித்தால் ரத்தம் கசியும். அதனால் உன்னிடம் தாளைக் கொடுத்தேன். "உன் கையெழுத்து முத்து முத்தா இருக்கும். நீயே எழுது, சாமி சட்டுனு படிச்சிடும்" என்றேன். எதிராளி என்ற இடத்தில் உன் பெயர். குற்றம் என்ற இடத்தில், தாய் தகப்பன் பேச்சைக் கேட்காமல், தெய்வ நம்பிக்கை இல்லாமல், பயம் என்று பொய் சொல்லிப் பரீட்சைக்குப் போகவில்லை, தண்டித்துத் திருத்தவும் என்று நான் சொல்லச் சொல்ல நீ எழுதினாய். ஒரு அடித்தல் இல்லை, ஒரு திருத்தல் இல்லை. பதினேழு வயதுப் பிள்ளை தன் மேலேயே முத்து முத்தாக ஒரு குற்றப் பத்திரிகை எழுதி, மடித்து, என் கையில் கொடுத்தான். வேலில் நானே கட்டினேன்.

ஜூன் மாதம் மறுதேர்வு எழுதிப் பாஸ் செய்தாய். பார்த்தாயா முனியப்பன் சக்தியை என்று தெரு முழுக்கச் சொன்னேன். முறைப்படி அப்போதே போய் ராஜினாமா வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. வேலை இருந்தது, நேரமில்லை என்று உன் அப்பாவிடம் சொன்னேன். அது பொய். இருக்கட்டும், பிராது தொங்கினால் பையன் அடங்கி இருப்பான் என்று வேண்டுமென்றே விட்டேன். அடியாத மாடு படியாது என்று நம்பினவள் நான். கல்லூரியில் நீ ஒருமுறை லேட்டாக வந்தபோதும், வேலையை விடுகிறேன் என்று சொன்னபோதும், "பிராது இன்னும் அங்கதான் தொங்குது, ஞாபகம் வச்சிக்க" என்று சொல்லியிருக்கிறேன். விளையாட்டுக்குச் சொல்வது போலச் சொன்னேன். நீயும் சிரித்தாய். அந்தச் சிரிப்பை நம்பிய என்னை எதால் அடிப்பது?

இப்போது உன் மேல் உள்ள கோபத்துக்கு வருகிறேன், தப்பித்துவிட்டாய் என்று நினைக்காதே. ஏன்டா எழுதினாய்? அந்தத் தாளைக் கிழித்து என் முகத்தில் எறிந்திருக்க வேண்டாமா? போம்மா நீயும் உன் முனியப்பனும் என்று கத்தியிருக்க வேண்டாமா? அடித்திருப்பேன். அடித்துவிட்டு ராத்திரி சோறு போட்டிருப்பேன், அதோடு தீர்ந்திருக்கும். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் எல்லாவற்றுக்கும் சரிம்மா, சரிம்மா. முன்பின் தெரியாத டாக்டரிடம் சொல்ல வந்த வாய், பெற்றவளிடம் ஏன் வரவில்லை? இதை எழுதும்போதே பதிலும் தெரிகிறது. கொட்டகையில் நீ என்னிடம்தான் முதலில் சொன்னாய். மூச்சு வரவில்லை என்று சொன்னாய். நான் அறைந்தேன். அதற்குப் பிறகு எவன் சொல்வான்? தெரிகிறது. தெரிந்தும் கோபம் போகவில்லை.

நீ அறியாத ஒன்றைச் சொல்கிறேன். உனக்கு வருகிற அதே பயம் எனக்கும் வந்திருக்கிறது. நீ ஒன்றாவது படிக்கும்போது, சித்திரையில் பெய்யக் கூடாத மழை பெய்து, வாரிக் குவித்திருந்த உப்பெல்லாம் ஒரே பகலில் கரைந்து ஓடியது. அதற்குப் பிறகு வானத்தில் கையகலத்துக்கு மேகம் கண்டால் போதும், எனக்கு மூச்சு முட்டும், உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டும். உன் அப்பாவிடம் சொல்லவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. ரோட்டு மேட்டில் அம்மன் என்று நட்டிருக்கிறோமே ஒரு கல், காலையில் அளத்தில் இறங்குவதற்கு முன்னால் அங்கே போய் நிற்பேன். பூ வைத்துப் பக்தியாகக் கும்பிட்டேன் என்று நினைக்காதே. சண்டை போடுவேன். "கண்ணு அவிஞ்சா போச்சு உனக்கு? ஊருக்கெல்லாம் மழையக் குடு, வேணாங்கல. என் பாத்தி மேல ஏன்டி கொட்டுன? உனக்குப் புள்ளகுட்டி இருந்தா தெரியும்" என்று கை நீட்டிக் கேட்பேன். பத்து நிமிஷம் கத்திவிட்டு மூக்கைச் சிந்தினால் மூச்சு சீராகிவிடும். பக்கத்துப் பாத்தியில் வேலை செய்கிற மேரி சிரிப்பாள். "என்னாக்கா, அம்மனுக்கு டோஸ் குடுத்தாச்சா? வா, கூடையத் தூக்கு."

அம்மன் ஒருநாளும் பதில் சொன்னதில்லை. அடுத்த வருஷமும் மழை பெய்யத்தான் செய்தது. ஆனால் அத்தனை திட்டும் வாங்கிக்கொண்டு அவள் அங்கேயே இருந்தாள், கோபித்துக்கொண்டு போகவில்லை, அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. நீ சின்ன வயதில் உப்புக் கூடை தூக்குவதைப் பார்த்திருக்கிறாய். ஈர உப்பு நிறைந்த கூடையைத் தரையிலிருந்து தன் தலைக்குத் தானே ஏற்றிக்கொள்ள எந்தப் பெண்ணாலும் முடியாது. எதிரே ஒருத்தி நின்று கை கொடுக்க வேண்டும். மேரி எனக்குக் கொடுப்பாள், நான் மேரிக்குக் கொடுப்பேன். தலையில் ஏறிவிட்டால் பிறகு நடப்பது அவரவர்தான், கழுத்து வலியும் அவரவருக்குத்தான். எனக்குச் சாமி அந்தக் கை. நம்பிக்கை இருந்தால் பயம் வராது என்று உன்னிடம் சொன்னேனே, அது சுத்தப் பொய்யடா. எனக்கு நம்பிக்கையும் இருந்தது, பயமும் இருந்தது. இரண்டும் என் தலையில் ஒரே சும்மாட்டின் மேல்தான் உட்கார்ந்திருந்தன.

அப்படியானால் நான் செய்த அநியாயத்தைப் பார். நான் திட்டுகிற சாமியை எனக்கு வைத்துக்கொண்டு, உன்னைத் திட்டுகிற சாமியை உனக்குக் கொடுத்துவிட்டேன். எனக்குத் தெம்பு தந்த அதே நம்பிக்கையை எடுத்து உன் தலையில் கூடையாக ஏற்றிவிட்டேன், இறக்கிவிட ஆளும் இல்லாமல். முனியப்பனைக் கண்டு நீ பயப்படுவது அவர் குற்றமில்லை. எய்தவள் நான் இருக்க அம்பை நொந்து என்ன ஆகப் போகிறது?

திங்கட்கிழமை மேரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மாத்திரை சாப்பிடுகிறானாம், கோயிலுக்குள் வர மாட்டேனென்கிறான், மூளையைத் தாக்கிவிடுமோ என்று புலம்பினேன். மேரி தன் பையைத் திறந்து காட்டினாள். ஜெபமாலையும் மாத்திரை அட்டையும் ஒரே சுருக்குப் பையில் கிடந்தன. அவளுக்கும் அதே படபடப்பாம், நாலு வருஷமாம். "ஜெபமும் பண்றேன், மாத்திரையும் போடுறேன். உள்ள அதுங்க ரெண்டும் சண்ட போட்டுக்கல, உனக்கு ஏன்க்கா வலிக்குது?" என்று கேட்டாள். இருபது வருஷத்துக்கு மேலாக எதிரெதிரே நின்று கூடை தூக்குகிறோம், அவள் இதை என்னிடமும் சொல்லவில்லை. ஏன் சொல்லலைடி என்று கேட்டால், "நீ எதாச்சும் நம்பிக்க கம்மின்னுடுவ" என்றாள். அவளையும் நன்றாகத் திட்டினேன். ஆனால் அவள் சொன்னது சரி. என் வாய் அப்படி.

புதன்கிழமை யாரிடமும் சொல்லாமல் முனியப்பன் கோயிலுக்குப் போனேன். திண்டிவனத்தில் பஸ் மாறி, நின்றுகொண்டே போனேன். பிராது எழுதுகிற இடத்தில் ஒரு பெரியவர் இருந்தார். "ராஜினாமா வைக்கணுங்க, பன்னெண்டு வருஷத்துப் பிராது" என்றேன். அவர் கண்ணாடியை மேலே ஏற்றிப் பார்த்தார். "பன்னெண்டு வருஷமா? யம்மா, அதெல்லாம் இங்க எங்க இருக்குது? வேல் ரொம்பிச்சின்னா அவுத்து எரிச்சிடுவோம். அந்த வருஷமே சாம்பலாயிருக்கும்" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அவர் கழுத்தைப் பிடிக்கலாமா என்றும் வந்தது. நான் தொங்குகிறது தொங்குகிறது என்று உன்னை மிரட்டிக்கொண்டிருந்த காகிதம் நீ பாஸ் செய்த வருஷமே எரிந்துவிட்டது. உன் நெஞ்சில் மட்டும் பன்னிரண்டு வருஷம் தொங்கியிருக்கிறது.

சாம்பலானால் என்ன, எனக்கு ராஜினாமா வைக்க வேண்டும் என்றேன். எழுதித் தரவா என்று கேட்டார். வேண்டாம், நானே எழுதுகிறேன் என்றேன். என் மகன் பொய் சொல்லவில்லை, அவனுக்கு நிஜமாகவே மூச்சு வரவில்லை, நான்தான் நம்பவில்லை, அவனை விட்டுவிடு என்று எழுதிக் கட்டினேன். பிறகு முனியப்பனைப் பார்த்து ஒரு பாட்டம் திட்டினேன். "அறிவு கெட்ட ஆத்தாக்காரி ஒரு புள்ளய இழுத்துட்டு வந்து, அவன் கையாலயே அவன் மேல எழுத வக்கிறா. பாத்துட்டு ஏன்யா சும்மா நின்ன? அன்னைக்கே அந்த வேலால என்னக் குத்தியிருக்கக் கூடாது?" வரிசையில் நின்றவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். பூசாரி தடுக்கவில்லை, திருநீறு மட்டும் கொடுத்தார். அதை இந்தக் கடிதத்தோடு வைக்கவில்லை, பயப்படாதே. நான் பூசிக்கொண்டேன்.

உன்னைச் சாமி கும்பிடு என்று இனி சொல்ல மாட்டேன். கும்பிடாதே என்றும் சொல்ல மாட்டேன். மாத்திரையை டாக்டர் நிறுத்தச் சொல்லும் வரை நிறுத்தாதே, அதை அதன் டப்பாவிலேயே வை, நான் வந்தால் அலமாரியில் எல்லோர் கண்ணிலும் படட்டும். உன் அத்தை பரிகாரம் என்று போன் செய்தால் என்னிடம் கொடு, நான் பேசிக்கொள்கிறேன். என்றாவது ஒருநாள் உனக்கே ஒரு சாமி வேண்டும் என்று தோன்றினால், நீ கை நீட்டித் திட்டக்கூடிய சாமியாகப் பார்த்து வைத்துக்கொள். திட்ட முடியாத இடத்தில் நம்பிக்கை இல்லை, வெறும் பயம்தான் இருக்கும். அம்மாவுக்கும் இதேதான்.

இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன், பார். கோயிலில் அந்தப் பெரியவரிடம் வாங்கிய பிராதுத் தாள். மனுதாரர் என்ற இடத்தில் உன் பெயர் எழுதியிருக்கிறேன். எதிராளி என்ற இடத்தில் என் பெயர். விரல் இன்னும் பிளந்துதான் கிடக்கிறது, எழுத்து கோணல் மாணலாக இருக்கும், ஆனால் இந்தத் தடவை நானே எழுதினேன். குற்றம் என்ற இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். அதை நீ எழுது. இடம் போதாவிட்டால் பின்பக்கமும் எழுது. முனியப்பனிடம் போக வேண்டாம், உன்னால் முடியாது என்று எனக்குத் தெரியும். நேராக வீட்டுக்கு வா, என் முன்னால் நின்று சத்தமாகப் படி. நான் எதிர்த்துப் பேச மாட்டேன் என்று சத்தியம் செய்ய முடியாது, என் வாயை உனக்குத் தெரியும். ஆனால் முழுக்கக் கேட்பேன். கோபம் தீராமல் ராஜினாமா தராதே, எத்தனை வருஷம் ஆனாலும் சரி.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அடித்து எழுது, திருத்தி எழுது, தாள் கிழிகிற மாதிரி அழுத்தி எழுது. முத்து முத்தாக மட்டும் எழுதாதே.